கை நீட்டினால் கை தெரியாத மஞ்ஞு

இளஞ்சிவப்பு நிறத்தில், கழுத்தைச் சுற்றிப் பொசுபொசுவென்று ரோமம் வைத்த ஒரு வாடகைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நல்ல பச்சைப் புல்வெளியின் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. அது என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புல்லுக்குப் போய்விட்டது. ஜூன் மாதத்தில் அங்கே பனி கிடையாது என்று அந்தக் குதிரைக்குக்கூடத் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியவில்லை.

இடம், மணாலிக்கு மேலே ஒரு பனிச்சறுக்கு மைதானம். குளிர்காலத்தில் அங்கே ஆட்கள் காலில் நீளக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வருவார்களாம். வாசலில் அப்படி ஒருவன் அந்தரத்தில் பறக்கிற மாதிரி பெரிய தட்டி வைத்திருந்தார்கள். தட்டியின் நிழலில் ஓர் ஆடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்தில், வலியசாலையில், எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த ஆடு வரைக்கும் எங்கள் பழைய காரிலேயே வந்திருந்தோம். ரயில் இருக்கிறது, விமானம் இருக்கிறது, மனுஷனுக்கு மூளை என்று ஒன்றும் இருக்கிறது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஊர் சுற்றிப் பார்க்கவும் வரவில்லை. பரீட்சைக்கு வந்தோம். பரீட்சை எங்கள் ஒரே மகளுக்கு. நார்வேயின் வடக்கு மூலையில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கிற ஓர் ஊரில், மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அக்ரஹாரத்துப் பெண் போயும் போயும் மீனையா படிப்பாள் என்று தெருவில் நாலு பேர் கேட்டபோது, "படிக்கத்தானே போறா, பொரிக்கவா போறா?" என்று அவர்கள் வாயை அடைத்தது அவள் அப்பாதான். அதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் மீனுக்குச் சரி சொன்ன மனுஷர் குளிருக்குச் சரி சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குத் தாங்காதுடி."

காலையில் காபி குடிக்கும்போது இது. மத்தியானம் மோருஞ்சாதத்தின் நடுவில் இது. ராத்திரி கதவைத் தாழ் போடும்போதும் இதுதான். இருபத்தி நாலு வயதுப் பெண், அவள் பாட்டுக்கு விமானம் ஏறிவிட்டால் இவர் என்ன செய்ய முடியும்? அவளோ அதற்கு மேல் பிடிவாதக்காரி. "அப்பா வாயால சரின்னு சொல்லணும். சொல்லாம நான் ஏர்போர்ட் வாசல்ல கால் வைக்கமாட்டேன், கேட்டியாம்மா?" என்று என்னிடம் சொல்லிவிட்டாள். ஜூலை முதல் வாரம் முடிவதற்குள் அந்த ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அப்பாவும் பெண்ணும் ஆளுக்கொரு அறையில் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கமும் தட்டு கொண்டு வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவர் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. இல்லை என்று சொன்னால் பாவம். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது பொன்முடிக்குப் போயிருந்தோம். எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம், அவ்வளவு பக்கத்து மலை அது. மேலே தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் ஒரு மொட்டைக் குன்று. அதில் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். திடீரென்று மஞ்சு மூடிக்கொண்டது. எங்கள் ஊரில் அதை மஞ்ஞு என்போம், மலையாளத்து உச்சரிப்பில். ஒரு வார்த்தைதான், ஆனால் அது பின்னால் எங்களை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன். அந்த மஞ்ஞில் குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. உதடு நீலம் பாய்ந்து, நெஞ்சுக்கூடு உள்வாங்கி உள்வாங்கி, அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்ட பெற்றவர்களுக்குத்தான் தெரியும். மலையில் ஆஸ்பத்திரி கிடையாது. அவர் அவளை முன் சீட்டில் போட்டுக்கொண்டு அந்த வளைவு வளைவான பாதையில் கீழே இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும், "மூக்கால இழு, வாயால விடு. அப்பா இருக்கேன். மூக்கால இழு, வாயால விடு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின் சீட்டில் எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே வந்து ஊசி போட்டு எல்லாம் சரியாகிவிட்டது.

அவளுக்குச் சரியாகிவிட்டது. அவருக்குத்தான் சரியாகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற தட்டு கிடையாது. பிறந்தநாளுக்கு ஐஸ்கிரீம் கிடையாது. மார்கழி மாதத்திலும் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிற ஊர் எங்கள் ஊர். அந்த ஊரில் காலேஜ் போகிற பெண்ணுக்கு மஃப்ளர் கட்டி அனுப்புகிற ஒரே அப்பா இவர்தான். மழைத்தூறல் ஒன்று விழுந்தால் போதும், வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "தலை நனையறதுடி, உள்ள வா, தலை நனையறது!" என்று கத்துவார். சிறு வயதில் அவள் ஓடி வந்தாள். பிறகு நடந்து வந்தாள். இப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறாள். அந்தக் கத்தலைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவளுக்கு ஒரு தடவைகூட இழுத்ததில்லை. டாக்டரே போகலாம் என்று சொல்லிவிட்டார். "டாக்டருக்கு என்ன தெரியும், சும்மா வெறுதே சொல்லுவார்," என்றார் இவர்.

ஒரு வாரம் சண்டை போட்ட பிறகு ஒரு நாள் சமரசம் போல ஒன்றைச் சொன்னார். "ஒரே ஒரு நாள் பனியில நின்னு காட்டட்டும். ஒரு மணி நேரம் போறும். இழுக்கலைன்னா நான் சரின்னு சொல்லிடறேன், என்ன?"

"பனிக்கு எங்க போறது?" என்றேன்.

"இமாலயத்துக்கு," என்றார், என்னவோ சாலை பஜாருக்குப் போய் தேங்காய் வாங்கி வருகிற மாதிரி.

மகள் உடனே போனை எடுத்துப் பார்த்தாள். "அப்பா, ஜூன்ல அங்க பனி இருக்காது. ரொம்ப மேல கணவாய்ல கொஞ்சம் இருக்கும், அதுக்குப் பர்மிட் வேணும்," என்றாள். இவர் போனை நம்புகிற ஜாதி இல்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், மலையாளி. அந்த மலைப் பாதைகளில் பத்து வருஷம் லாரி ஓட்டியவர். கேட் பக்கத்தில் நின்றுகொண்டு இவர் கேட்டார், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"சேட்டா, ஜூண்ல அவிட மஞ்ஞு உண்டாவுமோ?"

மலையாளத்தில் பனிக்கு மஞ்ஞு என்றுதான் பெயர். பட்டாளக்காரர் கண்ணை மூடி ரசித்துச் சொன்னார். "மஞ்ஞோ! கை நீட்டியால் கை காணில்லா, சாரே. அத்ர மஞ்ஞு!"

கை நீட்டினால் கை தெரியாதாம், அவ்வளவு மஞ்ஞாம். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஜெயித்த முகத்தோடு வந்து, "பாத்தியா? பத்து வருஷம் அங்க வண்டி ஓட்டினவர் சொல்றார். உன் போன் அங்க வண்டி ஓட்டித்தா?" என்று மகளைக் கேட்டார். சரி, வந்து நின்று காட்டுகிறேன் என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். கை நீட்டினால் கை ஏன் தெரியாது, பனி என்ன கையையா விழுங்கும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்த அவஸ்தை இல்லை.

கார்தான் வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். விமானத்தில் ஏசி ஜில்லென்று இருக்குமாம், அவளுக்குத் தாங்காதாம். சரி, கார். காரிலும் ஏசி உண்டே? அதையும் போடக் கூடாதாம். ஜூன் மாதத்தில், ஆந்திராவைத் தாண்டி, நாக்பூர் வெயிலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனோம். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காற்று அடித்தது. பெண்ணுக்குக் குளிர் தாங்குமா என்று பார்க்கப் போகிற வழியில் பெண்டாட்டி வெந்து செத்தால் பரவாயில்லையாம்! நான் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சூடு உடம்புக்கு நல்லதுடி," என்றார். அந்த நிமிஷம் நான் கையில் வைத்திருந்தது புளிக்காய்ச்சல் பாட்டில். அதைத் தூக்கி வீசாமல் இருந்தது என் முன்னோர் செய்த புண்ணியம்.

மகள் பின் சீட்டில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வழி நெடுகக் கேரள நம்பர் வண்டிகள். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் யாராவது ஒரு மலையாளி நின்று, "நாட்டில் எவிடயா?" என்று சொந்த ஊரைக் கேட்பார். இவர் இறங்கிப் போய் அவரோடு டயர் காற்றைப் பற்றி அரை மணி பேசுவார். நாடு முழுக்க மலையாளிகள் எதற்குத்தான் இப்படிக் காரில் வடக்கே போகிறார்கள் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. அவர்களில் ஒருவரிடமாவது ஒழுங்காக விசாரித்திருக்கலாம். டயரைப் பற்றித்தான் பேச்சு.

மணாலி தாண்டி அந்த மைதானத்துக்குப் போகிற பாதையில், இரண்டு பக்கமும் கோட்டுக் கடைகள். குளிர்காலத்துக்குத் தைத்த கோட்டுகளையும் ரப்பர் பூட்ஸ்களையும் வருஷம் முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நல்ல வெயில். தெருவில் அரைக்கைச் சட்டையோடு ஆட்கள் நடக்கிறார்கள். இவர் காரை ஓரம் கட்டி இறங்கி, பள்ளிக்கூடத்தில் படித்த ஹிந்தியை ஒரு தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, "பர்ஃப் ஹை?" என்று கேட்டார். பனி இருக்கிறதா என்று.

கடைக்காரன் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "ஹை, ஹை! ஊப்பர் ஹை!" மேலே இருக்கிறது.

எனக்கும் அவ்வளவு ஹிந்தி தெரியும். "ஊப்பர்னா எவ்வளவு ஊப்பர்னு கேளுங்கோ," என்றேன். கேட்கவில்லை. எனக்கு இளஞ்சிவப்பு, அவருக்குக் கிளிப்பச்சை, மகளுக்கு நீலம். மகள் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று கையில் வைத்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளே, பரீட்சை எழுதாமல் இருக்க மாட்டாள். நான் போட்டுக்கொண்டேன். சண்டை போட என்னிடம் தெம்பு மிச்சம் இல்லை.

அப்படித்தான் அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். சரிவு முழுக்கப் பசும்புல், நடுநடுவே மஞ்சள் பூ. பனிச்சறுக்குக்காரர்களை மேலே இழுத்துக்கொண்டு போகிற கம்பங்கள் சும்மா நின்றிருந்தன. அதில் ஒரு கம்பத்தில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளை வெறும் புல்லில் வைத்துக்கொண்டு ஒருவன், ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டான். இன்னொருவன் ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் ஆட்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குக் கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

இவர் ஒவ்வொருவராகப் போய், "பர்ஃப்?" என்று கேட்டார். குதிரைக்காரன் "ஊப்பர்" என்றான். பந்துக்காரன் "ஊப்பர்" என்றான். மேலே போகப் பர்மிட் கிடைக்கவில்லை என்று அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. மகள் ஒரு பாறையில் உட்கார்ந்து, "சொன்னேனே," என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நாலு பையன்கள் வந்தார்கள், கேரளத்துப் பையன்கள். இவருடைய கிளிப்பச்சைக் கோட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவன், "சேட்டா, நாட்டில் எவிடயா?" என்று ஆரம்பித்தான். இவர் டயருக்குப் போகாமல் நேராக விஷயத்துக்கு வந்தார். "மோனே, இவிட மஞ்ஞு எவிடடா?"

பையன் மலை முகட்டைப் பார்த்தான். "மஞ்ஞு தா வருன்னு, சேட்டா!" இதோ வருகிறது என்கிறான்.

"பாத்தியா!" என்று இவர் என் பக்கம் திரும்பிய வேகம்! கண்ணெல்லாம் ஒளி. நானும் மகளும் அவன் காட்டிய பக்கம் பார்த்தோம். முகட்டுக்கு மேலிருந்து வெள்ளையாக, புகை மாதிரி, மெல்லச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மேல் கம்பம் மறைந்தது. பிறகு நடுக் கம்பம். பனி இல்லை. பனி மூட்டம்.

எனக்கு ஒரு வினாடி எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. மலையாளத்தில் பனிக்கும் மஞ்ஞு, பனி மூட்டத்துக்கும் மஞ்ஞு. பட்டாளக்காரர் பாவம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஜூனில் அங்கே மூட்டம் இறங்கும், கை நீட்டினால் கை தெரியாது. இவர் அதைக் கேட்டுத் தரையில் கொட்டிக் கிடக்கிற வெள்ளைப் பனி என்று எடுத்துக்கொண்டார். சரி, நாம் தமிழ்க்காரர்கள்தானே, தமிழிலாவது கேட்டிருக்கலாமே என்றால், பனி பெய்கிறது என்று நாம் மட்டும் எதை எதைச் சொல்லவில்லை? புல் நுனியில் இருப்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. வெயிலிலேயே பிறந்து வளர்ந்த கூட்டத்துக்கு இதற்கு மேல் வார்த்தை எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

"ஏன்னா," என்றேன், குரல் எனக்கே கீச்சென்று கேட்டது, "இந்த மஞ்ஞு பொன்முடியிலேயே இருக்கே! மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்திருக்கலாமே! இதுக்கா என்னை நாக்பூர்ல வேக வெச்சேள்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் தொங்கிப்போயிற்று. ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னது இருக்கிறதே, அதற்கு மன்னிப்பே கிடையாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆபீசில் ஃபைலைத் திருப்பி அனுப்புகிற குரலில், "சரி. பனி இல்லே. அதனால பரீட்சை நடக்கலை. அடுத்த வருஷம் ஜனவரில வந்து பாத்துக்கலாம்," என்றார்.

மகள் எழுந்தாள். "அடுத்த வருஷமா? என் இடம் அதுவரைக்கும் காத்துண்டு இருக்குமாப்பா?" என்றாள். சத்தம் போடவில்லை. "உங்களுக்குப் பனி கிடைச்சிருந்தாலும் வேற ஏதாவது சொல்லியிருப்பேள். எனக்குத் தெரியும்." நீலக் கோட்டைப் பாறைமேல் போட்டாள். மேலே சட்டை ஒன்றுதான், மஃப்ளர்கூட இல்லை. திரும்பி விறுவிறுவென்று சரிவில் ஏறிப் போனாள். மூட்டம் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது, அவள் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாவது கம்பத்துக்குப் பக்கத்தில் அவளைக் காணோம்.

"எங்கடி போறா? கோட்டு இல்லாம எங்கடி போறா?" என்றார். பிறகு ஓடினார். அறுபது வயது, தொப்பை, கிளிப்பச்சைக் கோட்டு, முழங்கால் பூட்ஸ். ஓடாதீர்கள் என்று நான் கத்தியது காதில் விழவில்லை. அவரும் மூட்டத்துக்குள் போய்விட்டார்.

நானும் போனேன். வேறென்ன செய்வது? அந்த பூட்ஸோடு ஏறிப் பாருங்கள், அப்போது தெரியும். சுற்றிலும் வெள்ளை. எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. கையை நீட்டினேன். கை தெரியவில்லை. பட்டாளக்காரர் பொய் சொல்லவில்லை.

முதலில் அந்தச் சத்தம்தான் கேட்டது. கீச், கீச்சென்று மூச்சு இழுக்கிற சத்தம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் கார் முன் சீட்டில் கேட்ட சத்தம். ஐயோ, அவர் சொன்னது சரியாகப் போயிற்றே, பாவி, பிடித்து வைக்காமல் விட்டுவிட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மகளின் குரல் கேட்டது. நிதானமான குரல். "உக்காருங்கோ. பேசாதீங்கோ. கோட்டு பட்டனை அவுக்கறேன். மூக்கால இழுங்கோ, வாயால விடுங்கோ. நான் இருக்கேன். மூக்கால இழுங்கோ, வாயால விடுங்கோ."

இழுத்தது அவருக்கு. அவளுக்கு இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. ஏழெட்டு அடி தூரத்தில்தான் இருந்திருப்பார்கள், ஆனால் நிழல்கூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்த மூச்சு மட்டும் கேட்டது. மெல்ல மெல்ல அடங்கியது. "குளிரலியாடி உனக்கு?" என்று அவர் கேட்டது வந்தது.

"குளிர்றது. நன்னா இருக்கு."

"இழுக்கலையா?"

"இல்லைப்பா. காதை வெச்சுப் பாருங்கோ."

காதை வைத்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கோட்டு உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், எனக்கு அதுவரை பழக்கமே இல்லாத ஒரு குரல்.

"உனக்குத் தாங்கும்டி. எனக்குத்தான் தாங்காது."

மூட்டம் விலகி, குதிரை தெரிந்து, ஆடு தெரிந்து, மூன்று பேரும் கீழே இறங்கி வந்தோம். கோட்டுக்கடைக்காரன் நாங்கள் திருப்பிக் கொடுத்த கோட்டுகளை உதறிப் பார்த்துவிட்டு, "பர்ஃப் மிலா?" பனி கிடைத்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவனுக்கு நான் தமிழிலேயே நன்றாகப் பதில் சொன்னேன்.

அவருக்கு அன்று சாயங்காலமே காய்ச்சல். வியர்வையில் நனைந்த சட்டையோடு மலைக்காற்றில் உட்கார்ந்திருந்தால் வேறென்ன வரும்? திரும்புகிற வழி முழுக்க மகள்தான் ஓட்டினாள். அவர் பின் சீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். முதல் நாள் வெயில் ஏறியதும் அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "அப்பா, ஏசி போடட்டுமா?" என்று கேட்டாள்.

"போட்டுக்கோ," என்றார்.

நான் காதை நம்பாமல் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சரி என்று மட்டும் சொல்லவில்லை. நாக்பூரிலும் சொல்லவில்லை, ஆந்திராவிலும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். இந்த இரண்டு பேரோடும் குடித்தனம் நடத்துகிறேனே, எனக்குத்தான் யாராவது கோயில் கட்ட வேண்டும்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது மழை விட்டிருந்தது. பதில் சொல்ல இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பட்டாளக்காரர் கார்ச் சத்தம் கேட்டு ஆசையாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்தார். "எந்தாயி சாரே? மஞ்ஞு கண்டோ?"

அவரை என்ன செய்தால் தகும் என்று நான் யோசிப்பதற்குள், டிக்கியிலிருந்து குக்கரை இறக்கிக்கொண்டிருந்த மகள், "மஞ்ஞு கண்டு, அங்கிள். பனியும் கிட்டி," என்றாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பனி பார்க்கப் போய்ப் பனி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். பட்டாளக்காரருக்குச் சிரிப்புப் போய்க் கவலை வந்துவிட்டது. எங்கள் தெருவில் அவள் நெஞ்சைப் பற்றித் தெரியாதவர்கள் யார்? "அய்யோ, ஆர்க்கு? மோள்க்கோ?"

இவர் காரிலிருந்து போர்வையோடு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவள்க்கு ஒன்னுமில்லா, சேட்டா. எனிக்கா," என்றார். "அவள் அடுத்த மாசம் நார்வேக்குப் போவா."

குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு மகள் அப்படியே நின்றுவிட்டாள். இதைச் சொல்ல இந்த மனுஷருக்கு இந்தியா முழுக்கக் கார் ஓட்ட வேண்டியிருந்தது! இந்த வாசல் இங்கேயேதான் இருந்தது, அந்தச் சேட்டனும் இங்கேயேதான் இருந்தார். போன மாதமே சொல்லியிருக்கலாம்.

மறுபடி தூறல் ஆரம்பித்தது. அவள் நகரவில்லை. முடியில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, அவள் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் இந்த வாசலில் நனைய அவள் இருக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தலை நனையறதுடி!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "உள்ள வா, தலை நனையறது!"